நாகவல்லி எந்த ஊர்? மது முட்டம் எழுதிய பேயும் நம்ம காவிரிக் கரையும்

'சந்திரமுகி' பார்க்காத தமிழர் ரொம்பக் குறைவு. அதன் மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' படத்தைப் பார்த்தவர்களும் இப்போ நிறைய இருக்காங்க. ரெண்டையும் பார்த்தவர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்பவும் ஒரே இடத்துக்குத்தான் போகும். ஷோபனாவா ஜோதிகாவா? மோகன்லாலா ரஜினியா? எத்தனை மணி நேரம் பேசினாலும் இந்த விவாதத்தில் ஒரு பெயர் வரவே வராது: மது முட்டம். அந்தக் கதையை யோசித்து, திரைக்கதையாக எழுதியவர்.

இந்தப் பதிவு அவரைப் பற்றியது. குறிப்பாக அவர் எழுதிய பேயைப் பற்றியது. மலையாளப் படம் எழுதிய ஒருத்தரைப் பற்றி மயிலாடுதுறையிலிருந்து எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அவர் எழுதிய பேய் நம்ம பக்கத்துப் பெண். மலையாளத்தில் அவள் தஞ்சாவூர்க்காரி. அந்தப் படம் சுற்றி வந்து தமிழில் எடுக்கப்பட்டபோது அவள் தஞ்சாவூர்க்காரியாக இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், பேய்ப்படம் எழுதுவது என்றால் என்ன என்பதைப் பற்றியும் நம்மைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

ஆள் யார்?

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டம், ஹரிப்பாடு பக்கத்தில் முட்டம் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரைத்தான் தன் பெயரோடு வைத்துக்கொண்டார் மது. நிறைய எழுதிக் குவித்தவர் இல்லை. விரல் விட்டு எண்ணிவிடலாம். 1986இல் ஃபாசில் இயக்கிய 'என்னென்னும் கண்ணேட்டன்றே' படத்துக்குக் கதை அவருடையது. அதைத்தான் ஃபாசிலே தமிழில் 1989இல் 'வருஷம் 16' என்று எடுத்தார். கார்த்திக், குஷ்பு நடித்த படம். கூட்டுக் குடும்பம், பெரிய வீடு, ஊருக்கு வரும் பேரன், காதல். ஆக, 'சந்திரமுகி'க்குப் பதினாறு வருஷம் முன்னாடியே தமிழர்கள் மது முட்டத்தின் கதை ஒன்றை ரசித்துப் பார்த்துவிட்டார்கள், அவர் யாரென்று தெரியாமலே.

'மணிச்சித்திரத்தாழ்' 1993 டிசம்பர் கடைசியில் வந்தது. இயக்கம் ஃபாசில். வேலையைச் சீக்கிரம் முடிக்க பிரியதர்ஷன், சித்திக்-லால், சிபி மலையில் என்று மலையாளத்தின் பெரிய இயக்குநர்களே தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து காட்சிகளை எடுத்துக் கொடுத்தார்கள். இத்தனை பேர் கை பட்டும் படம் துண்டு துண்டாகத் தெரியவில்லை என்றால் அதற்கு முக்கியமான காரணம் கையிலிருந்த திரைக்கதைதான். எல்லாரும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டிய வீடு அது. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. வெகுஜனப் படத்துக்கான தேசிய விருதும் படத்துக்குக் கிடைத்தது. படத்தில் தனிமையைச் சொல்லும் ஒரு பாட்டை எழுதியவரும் மது முட்டம்தான்.

கதைக்கு வித்து எது? முட்டத்தில் ஆலும்மூட்டில் என்று ஒரு பெரிய தறவாடு. அங்கே 1921இல் நடந்த கொலைதான் மதுவின் கதைக்கு அடிப்படை என்று கேரளத்தில் பரவலாகச் சொல்வார்கள். மருமக்கள் வழியில் சொத்து போன காலம். சொத்துத் தகராறில் குடும்பத் தலைவரை மருமகனே கொன்றார் என்பது அந்தச் சம்பவம். அது உண்மையான வித்து என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சம்பவத்துக்கும் தஞ்சாவூர் ஆட்டக்காரிக்கும் சம்பந்தம் கிடையாது. அது சொத்துக் கொலை. மது அதை ஒரு பெண்ணின் கொலையாக மாற்றினார். அந்தப் பெண்ணைத் தமிழச்சியாக ஆக்கினார். கதை அங்கேதான் பிறக்கிறது.

பயம் எங்கே இருக்கிறது

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவிலிருந்து நகுலனும் மனைவி கங்காவும் பூர்வீக வீடான மாடம்பள்ளிக்கு வந்து தங்குகிறார்கள். அந்த வீட்டின் தெக்கினி, அதாவது தெற்குக் கட்டு, பூட்டியே கிடக்கிறது. சித்திர வேலைப்பாடுள்ள ஒரு பூட்டு. அதுதான் படத்தின் பெயர். முன்னொரு காலத்தில் சங்கரன் தம்பி என்ற காரணவர் தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நாட்டியக்காரியைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார். அவளுக்கு ராமநாதன் என்று ஒரு காதலன். விஷயம் தெரிந்து தம்பி அவளைக் கொன்றுவிட்டார். அவள் ஆவியை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. கங்கா ஆசைப்பட்டு, சாவி செய்ய வைத்து, கதவைத் திறக்கிறாள். அதன் பிறகு வீட்டில் விபரீதங்கள். நகுலனின் நண்பன் டாக்டர் சன்னி வந்து கண்டுபிடிக்கிறார்: பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கங்காதான் நாகவல்லியாகிக்கொண்டிருக்கிறாள்.

இதில் மது செய்த வேலைகளைக் கவனியுங்கள்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. கதாநாயகன் மோகன்லால் வருவதற்கே வெகு நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் கங்கா எல்லாக் காட்சியிலும் நம் கண் முன்னாலேயே இருக்கிறாள். நாகவல்லி கதையை உறவுக்காரப் பெண் சொல்லும்போது அவள் ஆசையாகக் கேட்கிறாள். நாம் அதைக் கதை கேட்கிற ஆர்வம் என்று எடுத்துக்கொள்கிறோம். நோயின் முதல் அறிகுறியே அந்த ஆர்வம்தான். எதையும் ஒளித்துவைக்காமல், நம் கண் முன்னாலேயே வைத்து நம்மைப் பார்க்கவிடாமல் செய்கிறது திரைக்கதை.

அடுத்தது ஸ்ரீதேவி. செவ்வாய் தோஷம் என்று ஒதுக்கப்பட்ட பெண். சந்தேகம் அவள்மேல் திரும்புகிறது. நாமும் நம்புகிறோம். ஏன் நம்புகிறோம்? ஊர் ஏற்கெனவே 'இவள் சரியில்லை' என்று முத்திரை குத்திய பெண் என்பதால். மர்மக் கதைகளில் தவறான ஆளைக் காட்டுவது பழைய உத்திதான். ஆனால் பார்வையாளனின் சொந்தத் தப்பெண்ணத்தையே அந்த உத்திக்கு எரிபொருளாக்குவது பெரிய எழுத்துக்காரர்கள் செய்கிற வேலை.

மூன்றாவது, கங்காவின் சின்ன வயசு. பெற்றோர் பிழைப்புக்காகக் கல்கத்தா போய்விட, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை. பாட்டி சொன்ன கதைகளோடே வளர்ந்தவள். பெரியவளானதும் அந்த உலகத்திலிருந்து திடீரென்று பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தெரிந்த நாளில் அவள் மனசு முறிகிறது. ஆக, சொந்த இடத்திலிருந்து பெயர்த்து வேற்று ஊருக்குக் கொண்டுபோகப்பட்ட பெண் கங்கா. நாகவல்லியும் அப்படித்தான். தஞ்சாவூரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவள். கங்கா ஏன் நாகவல்லியைத் தேர்ந்தெடுத்தாள் என்ற கேள்விக்கு மதுவின் பதில் இதுதான். படத்தில் யாரும் இதை வாய்விட்டு விளக்குவதில்லை.

இப்போது முக்கியமான இடம். பேய் வந்ததை இந்தப் படம் எப்படிக் காட்டுகிறது? வெள்ளைப் புடவை கிடையாது. உருவம் கிடையாது. சுவரில் ஊர்கிற கை கிடையாது. நகை வாங்க வெளியே போக வேண்டும் என்று கேட்கிற மனைவியிடம் புருஷன் இன்றைக்கு வேண்டாம் என்கிறான். அவள் மலையாளத்தை விட்டுத் தமிழில் பேசத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். மலையாளம் பேசுகிற வீட்டில் திடீரென்று தமிழ் கேட்கிறது. மலையாளப் பார்வையாளனுக்கு முதுகு சில்லிடுகிற இடம் அது.

தமிழ்ப் பார்வையாளனுக்கு என்ன நடக்கிறது? இதை நிறைய பேர் யோசிப்பதில்லை. அவ்வளவு நேரம் சப்டைட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று வசனம் நேராகப் புரிகிறது. அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்நியமாகிவிட்ட ஒருத்தி, நமக்கு மட்டும் சொந்தக்காரியாகிறாள். பேய் பேசும்போதுதான் நாம் படத்துக்குள்ளேயே போகிறோம். மது இதைத் தமிழர்களுக்காகத் திட்டமிட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் எழுதியது இதைச் செய்கிறது.

ஏன் தஞ்சாவூர்?

நாட்டியக்காரி என்றால் தஞ்சாவூர் என்பது மலையாள மனசில் தானாக வந்து விழுகிற சேர்க்கை. அதற்கு வரலாறு உண்டு. திருவிதாங்கூரை 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் சங்கீதப் பைத்தியம். தஞ்சை நால்வர் என்று நாம் சொல்கிற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களில் வடிவேலு அவர் சபையில் இருந்தவர். அவருக்கு மன்னர் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார் என்பது பிரசித்தம். இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசைமுறை, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிவது, அந்த நால்வர் ஒழுங்குபடுத்தியது. சுகந்தவல்லி என்ற தஞ்சாவூர் நாட்டியக்காரியோடு மன்னருக்கு இருந்த உறவைப் பற்றியும் ஒரு கதை கேரளத்தில் வழங்குகிறது.

ஆக, தஞ்சாவூரிலிருந்து மலையாள நாட்டுக்கு ஆட்டமும் பாட்டும் பெண்களும் போன பாதை நிஜமானது. நாகவல்லி கற்பனைப் பெண். அவள் வந்த வழி கற்பனை இல்லை.

படப்பிடிப்பு நடந்த இடத்தையும் பாருங்கள். மாடம்பள்ளியின் பல பகுதிகள் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டவை. பத்மநாபபுரம் இருப்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956இல் மாநில எல்லை பிரிந்தபோது ஊர் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனை நிர்வாகம் இன்றும் கேரள அரசிடம். ரெண்டு மொழிக்கும் நடுவில் நிற்கிற வீடு. இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடைத்திருக்காது.

வழுவூரிலிருந்து ஒரு நூல்

நாகவல்லியாக ஆடியவர் ஷோபனா. நடிகை என்பதற்குச் சமமாக நாட்டியக்காரியும்கூட. சித்ரா விஸ்வேஸ்வரனிடமும் பத்மா சுப்ரமணியத்திடமும் கற்றவர். அந்த இருவருமே வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவிகள். வழுவூர் எங்கே இருக்கிறது? மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகிற பக்கம், பத்து கிலோமீட்டருக்குள். யானையை உரித்த வீரட்டானம் என்று கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். நாட்டியக்காரர்களுக்கு அது ஒரு பாணியின் பெயர்.

அதனால் 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் கடைசி ஆட்டத்தில், பிச்சு திருமலையின் மலையாள வரிகளும் வாலியின் தமிழ் வரிகளும் மாறி மாறி வருகிற அந்தப் பாட்டில், திரையில் இருக்கிற உடம்பு உண்மையிலேயே நம்ம பக்கத்துப் படிப்பைச் சுமக்கிற உடம்பு. கதையில் நாகவல்லி தஞ்சாவூர். நிஜத்திலும் அந்த ஆட்டத்தின் வம்சாவளி காவிரிக் கரைக்குத்தான் வந்து சேர்கிறது.

குரலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நாகவல்லியின் தமிழ்க் குரலுக்கான பெயரெல்லாம் பல வருஷம் கங்காவுக்குக் குரல் கொடுத்த பாக்யலட்சுமிக்கே போய்க்கொண்டிருந்தது. நாகவல்லிக்குப் பேசியது துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர் என்று ஃபாசில் 2016இல்தான் தெளிவுபடுத்தினார். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தமிழ்க்காரியின் பெயர் வெளியே வரவில்லை. தெக்கினியில் பூட்டியது போதாதென்று!

அத்தை தப்பித்தாள்

டெல்டா நாட்டியக்காரியைத் தமிழ் சினிமா காட்டவே இல்லையா? காட்டியிருக்கிறது, ரொம்பப் பிரியமாகவே. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்புவின் கதை. திருவாரூர் மோகனாவாகப் பத்மினி. அந்தப் படத்தையும் இந்தப் பேய்ப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோகனாவையும் மைனர்களும் மகாராஜாவும் துரத்துகிறார்கள். அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போகவும் செய்கிறார்கள். வைத்தி மாதிரி ஓர் ஆள் நடுவில் நின்று தரகு பேசுகிறான். ஆனால் மோகனா தப்பித்துவிடுகிறாள். சிக்கல் சண்முகசுந்தரத்தைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

நாகவல்லி என்பவள் தப்பிக்காத மோகனா. அதே சூழ்நிலை, அதே மாதிரி ஒரு பணக்காரன், அதே மாதிரி ஒரு காதலன். ஆனால் கதவு பூட்டப்பட்டுவிட்டது. தமிழ் சினிமா சுபமாக முடித்த கதையின் மறுபாதியை ஒரு மலையாள எழுத்தாளர் எழுதினார். பத்மினி ஷோபனாவுக்குச் சொந்த அத்தை என்பது கூடுதல் தகவல்.

சந்திரமுகி எங்கிருந்து வந்தாள்

2004இல் பி. வாசு இதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்று எடுத்தார். அங்கே நாகவல்லி தெலுங்கு பேசினாள். 2005 ஏப்ரல் 14 அன்று 'சந்திரமுகி' வந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. இங்கேயும் அவள் ஆந்திரத்து விஜயநகரத்து ஆட்டக்காரி, தெலுங்கு பேசுகிறவள். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தபோது அவள் மஞ்சுளிகா என்ற வங்காளி.

இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறதா? எந்த மொழியில் எடுத்தாலும் பேய் வேற்று மொழிதான் பேச வேண்டும். மது போட்ட இந்த விதியை யாராலும் மாற்ற முடியவில்லை. மாற்றினால் கதை விழுந்துவிடும். எழுத்தின் பலம் என்றால் இதுதான். நடிகரை மாற்றலாம், பாட்டை மாற்றலாம், அரண்மனையை மாற்றலாம். ஆனால் பேய் இன்னொரு மொழி பேச வேண்டும் என்ற தூணை எடுக்க முடியாது.

வாசுவுக்கு நியாயமாகவே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தமிழ்ப் படத்தில் தஞ்சாவூர்க்காரி அந்நிய மொழி பேச முடியாது. வேறு மொழி தேவைப்பட்டது. தெலுங்கைத் தேர்ந்தெடுத்ததும் வரலாற்றுப்படி தப்பில்லை. நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சை அரண்மனையில் கலையின் மொழியே பெரும்பாலும் தெலுங்குதான். சதிர் ஆடிய பெண்கள் அபிநயத்துக்கு எடுத்துக்கொண்ட பதங்களில் க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களுக்குப் பெரிய இடம் உண்டு. மெலட்டூரில் இன்றும் பாகவத மேளா தெலுங்கில்தான் நடக்கிறது. ஆக, தெலுங்கில் பாடுகிற ஓர் ஆட்டக்காரி தஞ்சாவூரிலேயே இருந்திருக்க முடியும்! சந்திரமுகியைத் தெலுங்கு பேச வைத்தபடியே தஞ்சாவூர் அரண்மனைக்காரியாக வைத்திருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. ஆந்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியதால் என்ன ஆச்சு? மலையாளப் படம் பார்க்கிற மலையாளி, தன் தாத்தா மாதிரி ஒருத்தர் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்து கொன்றதைப் பார்க்கிறான். குற்றம் வீட்டுக்குள் இருக்கிறது. சங்கரன் தம்பி அநேகமாக ஓவியத்திலும் பேச்சிலும் மட்டுமே வருகிற ஆள். அதனாலேயே அவர் எந்தத் தறவாட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கக்கூடிய ஒரு முன்னோராகத் தெரிகிறார். 'சந்திரமுகி'யில் அந்த இடத்துக்கு வேட்டையன் வருகிறான். அவனை நடிப்பது ரஜினிகாந்த். காதலன் தலையை வெட்டி, அவளை எரித்துக் கொல்கிற மன்னன். ஆனால் தியேட்டரில் விசில் பறந்தது அவனுக்குத்தான். 'லக்க லக்க' என்று ஊரே சொல்லிக்கொண்டு திரிந்தது. கொன்றவன் கொண்டாட்டமானான். செத்தவள் அவன் வருவதற்கான காரணமாக மட்டும் மிஞ்சினாள். ரஜினி நன்றாக நடிக்கவில்லை என்று சொல்லவில்லை. அவர் நன்றாக நடித்ததுதான் பிரச்சினையே.

ஜோதிகாவின் உழைப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கண்கள் இன்றும் பயமுறுத்தும். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்டது கோபம் மட்டும். ஷோபனாவுக்குக் கொடுக்கப்பட்டது முறையீடு. ஏன் என்னை வெளியே விடமாட்டேன் என்கிறாய் என்று கேட்கிற பெண்ணின் நியாயம் அது. அந்த வேறுபாடு நடிப்பில் வந்தது இல்லை, எழுத்தில் வந்தது.

மூவலூர் பக்கத்திலிருந்து பார்த்தால்

மயிலாடுதுறைக்குப் பக்கத்திலேயே மூவலூர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரைத் தமிழ்நாட்டில் தெரியாத வீடு இல்லை, திருமண உதவித் திட்டத்தின் வழியாக. இப்போது அது கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமாக இருக்கிறது. ஆனால் அவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தேவதாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வந்தவர். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று நாவல் எழுதினார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது.

ராமாமிர்தம் அம்மையாருக்கு அது வெளியேற வேண்டிய வலை. அவர் பேசியது உயிரோடு இருந்த பெண்களுக்காக, அவர்கள் வெளியே வருவதற்காக. வெளியே வர முடியாமல் செத்துப்போனவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அதற்கு நம்மிடம் ஆவணம் கிடையாது. பேய்க்கதை செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆவணம் இல்லாதவருக்கு ஒரு வாயைக் கொடுப்பது. நாகவல்லி பேசும்போது கேட்பது அதுதான்.

இந்தப் படத்தில் நோயைக் குணமாக்குகிற முறையைக் கவனித்தீர்களா? சன்னி அமெரிக்காவில் பெயர் வாங்கிய மனநல டாக்டர். அவர் நாகவல்லியை மருந்து கொடுத்து அடக்கவில்லை. மந்திரவாதியும் அவளை அடித்து விரட்டவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, துர்காஷ்டமி இரவில், அவள் கேட்டதையே கொடுக்கிறார்கள். சங்கரன் தம்பியை வெட்ட வேண்டும் என்றாள். ஒரு பொம்மையை வைத்து வெட்ட விடுகிறார்கள். நாகவல்லி பழி தீர்த்துக்கொண்ட பிறகுதான் கங்கா எழுந்திருக்கிறாள். தண்டனை பொம்மைக்குத்தான். ஆனால் அவள் கேட்டது நியாயம் என்று அந்த வீடே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிறது. சாதாரணப் பேய்ப்படத்தில் பேயை ஜெயிப்பார்கள். மது பேயோடு சமாதானம் பேசினார்.

குறையும் இருக்கிறது. கங்கா கண் விழித்ததும் எல்லாம் சுத்தமாகத் துடைத்த மாதிரி முடிந்துவிடுகிறது. சன்னி ஸ்ரீதேவியைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார், கார் கிளம்புகிறது. நாகவல்லியின் கதையைக் கங்கா இனிமேல் எப்படி நினைப்பாள், அந்தத் தெக்கினியை அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று படம் கேட்கவில்லை. இன்னொன்று, நாகவல்லி பேசுகிற தமிழ். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சின் நெளிவு எதுவும் அதில் இல்லை, பொதுவான சினிமாத் தமிழ். ஊர் சொன்னார்கள், ஊரின் பேச்சைக் கொண்டுவரவில்லை. நம்ம காதுக்கு அது உடனே தெரிகிறது.

பெயர்

'மணிச்சித்திரத்தாழ்' வெளிவந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. 2024 ஆகஸ்டில் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டார்கள். நடுவில் அந்தக் கதையிலிருந்து பிறந்தவை எத்தனை! கன்னடத்தில் 'ஆப்தரக்ஷகா', தெலுங்கில் 'நாகவல்லி', இந்தியில் 'பூல் புலையா' இரண்டும் மூன்றும், தமிழில் 2023இல் 'சந்திரமுகி 2'. பெரிய வீடு, ஒரு பூட்டிய அறை, முதல் பாதி வடிவேலு மாதிரி காமெடி, பின்பாதி ஒரு பெண்ணின் பழைய கொலை என்ற அமைப்பு தமிழில் 'அரண்மனை' வகைப் படங்கள் வரைக்கும் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

இதில் மது முட்டம் எங்கே? 'பூல் புலையா'வில் கதை என்று அவர் பெயர் இருக்கிறது. 'சந்திரமுகி'யில் எழுத்தும் இயக்கமும் பி. வாசு. இந்தியாவில் திரைக்கதை எழுதுகிறவரின் நிலைமை இதுதான். வீட்டைக் கட்டியவர் அவர். குடியிருப்பவர்கள் பெயர்தான் வாசலில். அவரும் அடுத்தடுத்து எழுதித் தள்ளிச் சந்தையில் நிற்கிற ஆளாக இல்லை. 2009இல் 'பார்யா சொந்தம் சுஹ்ருத்து', பிறகு ஒன்றிரண்டு. எதுவும் அந்த உயரத்தைத் தொடவில்லை. அதை ஒரு தோல்வியாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐந்தாறு மொழிக்காரர்கள் இன்னும் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டைக் கட்டியவரிடம், ஏன் இன்னொரு வீடு கட்டவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

நமக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மயூரநாதர் கோயிலில் சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து ஆடுகிறார்கள், கூட்டம் உட்கார்ந்து பார்க்கிறது, நல்ல விஷயம். அந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்து, பிறகு அதிலிருந்து ஒதுக்கப்பட்ட பெண்களைப் பற்றி, அவர்களில் ஊர் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல பேய்ப்படம் இன்னும் வரவில்லை. எழுதுவதற்கான வழியை முட்டத்துக்காரர் ஒருத்தர் 1993லேயே காட்டிவிட்டார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் பூட்டை எடுத்துக்கொண்டார்கள், அறையை எடுத்துக்கொண்டார்கள், கொலுசுச் சத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். தஞ்சாவூரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த முறை 'மணிச்சித்திரத்தாழ்' பார்க்கும்போது கங்கா முதல் தடவை தமிழில் பேசுகிற இடத்தில் சப்டைட்டிலை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். படம் ஆரம்பிக்கும்போது எழுத்தாளர் பெயரையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.